மூன்று இரங்கல் தீர்மானங்கள்

எங்கள் கல்லூரிக் கவுன்சிலைப் போல மரியாதை தெரிந்த மனிதர்கள் கூடிய சபையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அந்த மரியாதையாலேயே ஒரு பெண்ணின் படிப்பைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் பெங்களூரில் பிளேக் வந்தபோது நான் தண்டு என்கிற பட்டாளக் கன்டோன்மென்ட் பக்கத்து மிஷன் கல்லூரி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் தியோடர். கவுன்சிலுக்குக் காரியதரிசியும் நான்தான். காரியதரிசி என்றதும் ஏதோ பெரிய அதிகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். நோட்டீஸ் அனுப்புவது, பேசினதை எழுதுவது, நாற்காலி போதுமா என்று பார்ப்பது, இவ்வளவுதான் என் ராஜ்யம்.

கவுன்சில் என்ற ஒன்றே நாங்கள் மல்லுக்கட்டி வாங்கியது. அதற்கு முந்தைய பிரின்சிபால் காலத்தில் யாரைச் சேர்ப்பது, யாரைப் பரீட்சைக்கு அனுப்புவது, யாரை நிறுத்தி வைப்பது எல்லாம் அவருடைய காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே முடிந்துவிடும். யாருடைய மாமனார் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாரோ அந்தப் பையன் வகுப்புக்கே வராமல் பரீட்சைக்குப் போவான். கணிதப் பேராசிரியர் ஆராவமுதனும் நானும் இன்னும் சிலரும் மிஷன்காரர்களின் வாசலில் நடையாய் நடந்து, இனி எந்த முடிவும் ஆசிரியர்கள் கூடி ஓட்டுப் போட்டுத்தான் என்று ஆக்கினோம். யுனிவர்சிட்டியும் அதை ஏற்றுக்கொண்டது. வருகை குறைந்த மாணவனை மன்னித்துப் பரீட்சைக்கு அனுப்ப எங்கள் கல்லூரியில் பிரின்சிபால் கையெழுத்து மட்டும் செல்லாது, கவுன்சில் தீர்மானம் வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவே வந்தது. அன்றைக்கு ஆராவமுதன் வீட்டிலிருந்து எல்லோருக்கும் புளியோதரை வந்தது. ராஜ்யத்தைப் பிடித்த சிப்பாய்களைப் போல உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கவுன்சிலின் விதிகளை எழுதியவரும் ஆராவமுதன்தான். அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். நெற்றியில் நாமம் கோணினால்கூட அழித்துவிட்டு மறுபடி இட்டுக்கொள்கிற மனிதர். அவர் எழுதிய விதிகளில் ஒன்று இது: கவுன்சில் அங்கத்தினரோ, அவர் வீட்டு மனிதர் ஒருவரோ இறந்துபோனால் அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வர வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், அதன் பிறகு வேறு எந்த அலுவலையும் தொடாமல் கலைந்துவிட வேண்டும், மறு கூட்டம் ஒரு வாரம் கழித்துத்தான்.

இந்த விதி சும்மா முளைத்ததல்ல. கவுன்சில் வருவதற்கு முன்னால் ஒரு தாவர சாஸ்திர ஆசிரியர் திடீரென்று இறந்துபோனார். இரண்டாம் நாள் ஆசிரியர்கள் கூடி அவருக்காக அரை நிமிஷம் தலைகுனிந்தார்கள். பிறகு அவர் இருந்த காற்றோட்டமான அறை யாருக்கு என்று ஒரு மணி நேரம் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். அவருடைய குடை அந்த அறைச் சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வெட்கத்தில் பிறந்த விதி இது. எழுதின அன்றைக்கு நல்ல விதி என்று நானும்தான் கைதட்டினேன்.

இனி பியாட்ரிஸ். அவள் தகப்பனார் பட்டாளத்துக்குத் தானியம் வாங்கும் ஆபீசில் குமாஸ்தா. செயின்ட் ஜான்ஸ் கோவில் பக்கத்தில் வீடு. அவள் தாயார் பிரசவத்தில் கிடந்தபோது ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து, அந்தப் பிடிவாதத்திலேயே செத்துப்போனவள். மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று கிளம்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சென்னை மெடிக்கல் காலேஜில் சேர எஃப்.ஏ. என்கிற இரண்டு வருஷப் படிப்பு தேற வேண்டும். அதற்கு எங்கள் கல்லூரிக்கு வந்தாள்.

பெண்பிள்ளை ஒருத்தி எங்கள் வகுப்பில் உட்காருவதா என்று கவுன்சிலில் பெரிய அமளி. தத்துவப் பேராசிரியர் நோயல் ஐயாதான் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். வயதானவர், எல்லோருக்கும் வேண்டியவர். கடைசியில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தேறியது. அதிலும் ஒரு வால் ஒட்டவைத்தார்கள். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும், இந்த ஒரு எஃப்.ஏ. படிப்புக்கு மட்டும், தொண்ணூற்றெட்டு டிசம்பர் பரீட்சையோடு அனுமதி முடிந்துவிடும். அவள் எப்படித் தேறுகிறாள் என்று பார்த்து, மேற்கொண்டு பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கவுன்சில் யோசிக்கும். எதிராக ஓட்டுப் போட்டவர்களில் ஆராவமுதனும் ஒருவர்.

அவளுக்கு வகுப்பில் பெஞ்சு கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, பையன்கள் பக்கம் முகம் திரும்பாதபடி போட்டிருக்கும். ஆசிரியருக்குப் பின்னால் உள்ளே வருவாள், ஆசிரியருக்கு முன்னால் வெளியே போவாள். முதல் மாதம் முழுவதும் ஆராவமுதன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம். ஒரு நாள் கணக்கு ஒன்றைப் பலகையில் போட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கிறார். பையன்கள் வாயில் கொழுக்கட்டை. அவள் எழுந்து வந்து சாக்பீசை எடுத்தாள். அன்றைக்கு மத்தியானம் அவர் என் அறைக்கு வந்து, “ஓய் தியோடர், அந்தப் பொண்ணு என் கிளாஸ்ல இருக்கற அத்தனை தடியன்களையும் வித்துடுவா” என்றார். குரலில் பெருமை இருந்தது. தம்முடைய ஓட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிளேக் ஆகஸ்டில் வந்தது. முதலில் எலிகள் செத்தன, பிறகு மனிதர்கள். பாதி ஊர் பெட்டி படுக்கையோடு ஓடிவிட்டது. கல்லூரியை மூடுவதா என்று கவுன்சில் கூடிப் பேசினோம். மூடக்கூடாது, மூடினால் ஜனங்களுக்குத் தைரியம் போய்விடும் என்று முடிவு செய்தோம். கைதட்டல்கூட இருந்தது. மூடியிருந்தால் வருகைக் கணக்கு அங்கேயே நின்றிருக்கும், ஒருவருக்கும் குறைந்திருக்காது. அந்த யோசனை அன்றைக்கு எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. எங்களுடைய தைரியத்துக்கு அவள் விலை கொடுத்தாள்.

செப்டம்பரில் அவள் தம்பி பெர்னார்டுக்கு அக்குளில் கட்டி வந்தது. பிளேக் உத்தியோகஸ்தர்கள் வந்து வீட்டுக் கூரை ஓடுகளைப் பிரித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, குடும்பத்தையே வண்டியில் ஏற்றித் தொம்மலூர் தாண்டிப் போட்டிருந்த தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பையன் அங்கேயே போய்விட்டான். மற்றவர்களை வெகு நாள் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். அவள் திரும்பி வந்து அந்த மேடைப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, வருகை பரீட்சைக்கு வேண்டிய முக்கால் பங்குக்குக் கீழே இறங்கியிருந்தது. பெர்னார்டுக்காகக் கவுன்சிலில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அவன் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை இல்லையே.

வருகை குறைந்த பையன்களும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த டிசம்பர் இல்லாவிட்டால் அடுத்த டிசம்பர். இவளுக்கு அடுத்த டிசம்பர் கிடையாது. அதைத்தான் நாங்களே வால் ஒட்டி அடைத்துவிட்டோமே. கவுன்சில் கூடி, முகாமில் இருந்த நாட்களை மன்னிக்கிறோம் என்று ஒரு வரி தீர்மானம் போட்டு, நவம்பர் பதினைந்துக்குள் சென்னைக்குத் தபால் ஏற்றிவிட்டால் போதும். நான் ஒவ்வொரு அங்கத்தினரையும் தனித்தனியாகப் பார்த்தேன். எல்லோரும் சரி என்றார்கள். “இதுக்கு ஒரு கூட்டமா? கண்ணை மூடிண்டு போடலாமே” என்றார் ஆராவமுதன்.

நவம்பர் முதல் தேதி கவுன்சில் கூட வேண்டும். நூலகத்தில் எலி செத்துக் கிடந்ததால் கட்டடத்துக்குள் கூடவில்லை. மைதானத்தில் ஒரு கூடாரம் அடித்து நாற்காலி போட்டிருந்தோம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் நோயல் ஐயா போய்விட்டார். அவருக்கும் பிளேக்தான்.

நோயல் ஐயாவின் நாற்காலியை ஒருவரும் எடுக்கவில்லை. பிரின்சிபால் க்ரெய்க் துரை பேசினார். அவர் நல்ல மனிதர், முந்தையவர் மாதிரி இல்லை. மாணவர்களிடத்தில் நோயல் எத்தனை அன்பாக இருந்தார், கல்லூரிக் கதவை ஒரு பெண்ணுக்குத் திறந்துவிட்டதே அவர்தான் என்று சொன்னார். நாங்கள் எழுந்து நின்றோம், கலைந்தோம். அவர் திறந்துவிட்ட கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதே எனக்கு உறைத்தது. ஆனாலும் தபாலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கூடினோம். பௌதிகப் பேராசிரியர் மதலைமுத்து கையில் தந்தியோடு வந்தார். அவருடைய தாயார் திருச்சிராப்பள்ளியில் காலமாகிவிட்டார். பிளேக் இல்லை, ஒன்றும் இல்லை. பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டு, பூசைக்குப் போய் வந்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மதலைமுத்துவே சொன்னார். “அம்மாவுக்குப் பூரண வயசு. நான் ராத்திரி ரயிலுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு விஷயத்தை முடிச்சுடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை.”

துரை தயங்கினார். நான் பேனாவை மையில் தோய்த்துவிட்டேன். அப்போது ஆராவமுதன் எழுந்தார்.

“துக்கப்பட்டவர் அப்படித்தான் சொல்லுவார். அது அவரோட பெருந்தன்மை. நாம அதை வாய்ப்பா எடுத்துக்கப்படாது. அவர் வேண்டாம்னு சொன்னாலும் நாம மரியாதை பண்ணித்தான் ஆகணும். விதியை எழுதினபோதே இதை யோசிச்சுத்தான் எழுதினேன்.”

சபை தலையாட்டியது. எழுந்து நின்றோம். திருச்சியில் சுகமாகப் போய்ச்சேர்ந்த ஒரு கிழவிக்காக, அவரை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஏழெட்டுப் பேர் பெங்களூர் மைதானத்தில் கூடாரத்துக்குள் தலைகுனிந்து நின்றோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா முள்ளை மேஜையில் குத்தி ஒடித்துவிட்டேன்.

வெளியே வந்ததும் ஆராவமுதனை மடக்கினேன். “உம்ம விதியைக் கொண்டுபோய் உலையில போடும். மறு கூட்டம் பதினைஞ்சாந் தேதி. அன்னிக்குச் சாயங்காலம் மெயில் வண்டிக்குத் தபால் போகலைன்னா அவ கதை முடிஞ்சது. தெரியுமா, தெரியாதா?”

தேதி அவர் நினைவில் இல்லை. முறை ஒன்றுதான் நினைவில் இருந்தது.

“பதினைஞ்சாந் தேதியா?” என்றார். “நானே கொண்டுவரேன் தீர்மானத்தை. முதல் ஐட்டம் அதுதான். நீர் கவலைப்படாதேயும்.”

நான் கவலைப்பட்டேன். துரையிடம் போய், நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னதன் பொருள் இதுதான்: “அந்த அதிகாரத்தை இந்த நாற்காலியிலிருந்து பிடுங்கியவர்களில் நீங்களும் ஒருவர், மிஸ்டர் தியோடர். செய்தது சரி. நான் மறுபடி அதைத் திருடக் கூடாது.” சென்னைக்குத் தந்தி கொடுத்துப் பார்த்தார். தேதி மாறாது என்று பதில் வந்தது. கூட்டத்தை முன்னால் இழுங்கள் என்றேன். ஒரு வாரம் என்று விதி இருக்கிறதே என்றார். பாவி மனுஷன், அவர் மேலும் குறை சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் பியாட்ரிஸ் ஒரு நாள் கல்லூரி வராந்தாவில் என்னை நிறுத்தினாள்.

“சார், என் விஷயம் என்னாச்சு? ரெண்டு வாட்டி மீட்டிங் ஆயிடுச்சுன்னு பசங்க சொல்றாங்க.”

“பதினைஞ்சாந் தேதி ஆயிடும்மா. எல்லாரும் உன் பக்கம்தான்.”

“யாராச்சும் வேணாம்னு சொல்றாங்களா சார்? ஆராவமுதன் சார் முன்னாடி வேணாம்னவரு.”

“அவரே கொண்டுவரேன்னு சொல்லியிருக்கார். நீ போய்ப் படி.”

அவள் சிரித்தாள். தம்பி போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அப்போ பேஜார் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினைந்தாம் தேதி வந்தது. மத்தியானமே எல்லாவற்றையும் தயாராக எழுதி வைத்துவிட்டேன். தீர்மானம் ஆனதும் துரை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கூடாரத்துக்கு வெளியே ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தேன். மெயில் கிளம்புவதற்கு நேரம் தாராளமாக இருந்தது. துரை வந்தார். மதலைமுத்து ஊரிலிருந்து திரும்பி வந்திருந்தார். சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கும் கஸ்தூரிரங்கன் வந்து சந்தன வாசனையோடு உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஆராவமுதனை மட்டும் காணோம். அவர் இல்லாவிட்டால் நானே கொண்டுவந்துவிடுவது என்று எழுந்தேன். அப்போது கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

வேட்டி ஈரம். மேலே சட்டை இல்லை, ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் அவரைக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை. அதைவிட, அவர் நெற்றி வெறுமையாக இருந்தது. நாமம் இல்லாத அந்த முகம் யாரோ வேறு மனிதருடையது மாதிரி இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முதல் ஐட்டம்” என்றார். “பியாட்ரிஸ் என்கிற மாணவி முகாமில் இருந்த நாட்களை மன்னித்து, பரீட்சைக்கு அனுப்பணும்னு நான் தீர்மானம் கொண்டுவரேன். தியோடர், எழுதிக்கொள்ளும்.”

நான் எழுத ஆரம்பித்தேன். துரை, “ஆமோதிப்பவர்?” என்று கேட்டார். மதலைமுத்து கையைத் தூக்கப் போனார். கஸ்தூரிரங்கனுக்குத்தான் பொறுக்கவில்லை. சாவுத் தீட்டில்தான் நாமம் இடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“ஸ்வாமி, என்ன இது? நெத்தி ஏன் இப்படி இருக்கு? ஆத்துல யாரு?”

“ஒண்ணுமில்லே. ஓட்டை எடுங்கோ.”

“யாருன்னு கேக்கறேன்.”

ஆராவமுதன் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவருக்குக் குழந்தைகள் கிடையாது. வீட்டில் அவரும் அவர் மனைவி அலர்மேல்மங்கையும்தான். முந்தின நாள் காலையில் ஜுரம், அன்று விடிந்ததும் முடிந்துவிட்டது. பிளேக் பிணத்தை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். அல்சூர் மயானத்தில் தாமே கொள்ளி வைத்துவிட்டு, தலை முழுகி, ஈரத்தோடு நேரே இங்கே நடந்து வந்திருக்கிறார். நிழல் பட்டாலே குளிக்கிற மனிதர், தீட்டோடு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். மயானத்து விவரமெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது கண்ணில் பட்டது அந்த வெறும் நெற்றி மட்டும்தான்.

துரை மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“உட்காருங்கோ!” ஆராவமுதன் கத்தினார். “யாரும் எழுந்திருக்கப்படாது. நான் ஒண்ணும் சொல்லலையே! நான் சொல்லாத வரைக்கும் கவுன்சிலுக்கு ஒண்ணும் தெரியாது.”

துரை எழுந்தே விட்டார். கண் கலங்கியிருந்தது. “என் நண்பரே,” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து அவர் சொன்னது இது: “போன வாரம் நீங்கள் எங்களுக்குச் சொன்னதை மறக்க மாட்டேன். துக்கப்பட்டவர் வேண்டாம் என்றாலும் நாம் மரியாதை செய்துதான் ஆக வேண்டும். உங்கள் பெருந்தன்மையை நாங்கள் வாய்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.”

ஒவ்வொருவராக எழுந்தார்கள். மதலைமுத்து எழுந்தார். அவருக்காக நாங்கள் நின்றோமே, அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? மற்றவர்கள் எழுந்தார்கள். கஸ்தூரிரங்கன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஆத்துக்காரி போன அன்னிக்கு இந்தப் பரீட்சை விவகாரம் ஒரு கேடா ஸ்வாமி? எழுந்து வாரும், ஆத்துக்குப் போகலாம்” என்றார்.

“அவ போயிட்டா ஓய்,” என்றார் ஆராவமுதன். “இந்தப் பொண்ணு இன்னும் போகலையே. இவளுக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்கு. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் உட்காருங்கோ. அப்பறம் நாள் பூரா நில்லுங்கோ, யார் வேண்டாம்னா?”

நான் எழுந்திருக்கவில்லை. “ஓட்டை எடுங்கள், விதியை எழுதினவரே கேட்கிறார்” என்று நானும் கத்தினேன். யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் தலை குனிந்து கண்ணை மூடியிருந்தார்கள். உண்மையாகவே துக்கப்பட்டார்கள், அதுதான் கொடுமை. அந்தக் கூடாரத்தில் ஒரு வேஷக்காரன் இருந்திருந்தால் அவனைப் பிடித்து உலுக்கியிருப்பேன். துரை மிக அழகான வார்த்தைகளில் அலர்மேல்மங்கை அம்மாளுக்கு இரங்கல் சொன்னார். அந்த அம்மாள் அனுப்பிய புளியோதரையை எல்லோரும் சாப்பிட்டவர்கள்தான். சொல்லி முடித்து, கூட்டம் கலைந்தது என்றார்.

அவர்கள் போன பிறகும் ஆராவமுதன் உட்கார்ந்தே இருந்தார். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. வெளியே வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, “ஸ்டேசனுக்குப் போலாமா சாப்? லேட் ஆகுது” என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

“தீட்டோட வந்தேனே ஓய்,” என்றார் ஆராவமுதன். “எரிஞ்சு முடியறதுக்குக்கூட நிக்காம வந்தேனே.”

நான் அவரை அல்சூர் மயானத்துக்கே நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு வாரம் கழித்து அவர் நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கும்பகோணம் போனார். திரும்பி வரவில்லை.

இதற்கு நடுவில் துரை என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, இரங்கல் நேரத்தில் நான் உட்கார்ந்திருந்தது ஆராவமுதன் மனதைப் புண்படுத்தியிருக்கும், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள் என்று அன்பாகச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

அடுத்த கூட்டம் இருபத்திரண்டாம் தேதி. ஒருவர் வீட்டிலும் சாவு இல்லை. பியாட்ரிஸின் வருகைக் குறைவை மன்னித்து ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். நான் அதைச் சென்னைக்கு அனுப்பினேன். தேதி கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது என்று திரும்பி வந்தது. டிசம்பர் பரீட்சை நடந்தது. அவள் நாற்காலி காலியாகக் கிடக்க, அவளில் பாதி மூளைகூட இல்லாத பையன்கள் போய் எழுதிவிட்டு வந்தார்கள்.

ஜனவரியில் கவுன்சில் கூடியது. பெண்களை மேற்கொண்டு சேர்ப்பதா என்ற விஷயம் வந்தது. பியாட்ரிஸுக்கு இன்னொரு வருஷம் அனுமதி தர வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் முன்பு போட்ட நிபந்தனை இருக்கிறதே, ஒரு படிப்புக்கு மட்டும் என்று. பரிசோதனைக்காகத்தானே சேர்த்தோம், மாணவி பரீட்சைக்கே போகாததால் பரிசோதனையின் முடிவு தெரியவில்லையே, முடிவு தெரியாமல் எப்படி நீட்டுவது என்று கஸ்தூரிரங்கன் வருத்தத்தோடு கேட்டார். மற்றவர்களும் வருத்தத்தோடு ஆமாம் என்றார்கள். விஷயத்தைத் தேதி குறிக்காமல் ஒத்திவைத்தார்கள். அந்த மாணவியின் நல்லொழுக்கத்தைக் கவுன்சில் மிகவும் மெச்சுகிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார் துரை. நான் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். கூரைக்குப் புது ஓடு போட்டிருந்தார்கள். தகப்பனார் ஆபீசிலிருந்து வரவில்லை. கோலார் தங்க வயலில் வேலை பார்க்கும் ஒருவன் பெண் கேட்டிருக்கிறான் என்று அவர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். கல்லூரி இன்னொரு வருஷம் தந்தால் காத்திருப்போம், இல்லாவிட்டால் பிப்ரவரியில் வருகிற தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடுவோம் என்று.

பியாட்ரிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இல்லைன்னுட்டாங்களா சார்?”

“இல்லைன்னு சொல்லல. தள்ளி வச்சுட்டாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே. யாரு சார் வேணாம்னது?”

“யாரும் வேணாம்னு சொல்லலம்மா.”

“யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருப்பாங்க. பேரைச் சொல்லுங்க சார், நான் போய்ச் சண்டை போடமாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும். ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. யாரு, யாருன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

“சத்தியமா யாரும் இல்லை.”

“ஆராவமுதன் சார்தானே? எனக்குத் தெரியும். அவருதான் முதல்ல இருந்தே வேணாம்னாரு. நானே கொண்டுவரேன்னு உங்ககிட்ட சும்மா சொல்லியிருக்காரு. அந்த மீட்டிங் நடக்காம போனது அவராலதான்னு பசங்க பேசிக்கிட்டாங்க.”

அவள் குரலில் இருந்த உறுதியைக் கேட்டேன். அவள் அந்தப் பெயரை இரண்டு மாதமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் மேல் பழி விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நடந்தது நடந்தபடி சொன்னேன். மயானத்திலிருந்து வந்தது, தீட்டோடு உட்கார்ந்தது, உட்காருங்கோ என்று கத்தினது, அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சினது, எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்கள் எழுந்து நின்றதையும் சொன்னேன்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அவரு சம்சாரம் செத்த அன்னிக்கா?”

“அன்னிக்கேதான்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. வெகு நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு மேல கோபப்பட்டுக்கிட்டாச்சும் இருந்தேனே சார். இப்போ அதுவும் இல்லாம பண்ணிட்டீங்களே.”